நுரைக் கோப்பையும் தண்ணீர் வாளியும்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால், பவளத்தையும் கோமாளி மீனையும் காட்டி முடித்த கையோடு தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கோப்பையைக் கழற்றி எடுத்து வருவார். உள்ளே டிகாக்‌ஷன் நிறத்தில், மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு ஒரு திரவம். 'மூணு நாள்ல சேர்ந்தது' என்பார். குரலில் கொஞ்சம் அருவருப்பு, நிறையப் பெருமை. அந்தக் கோப்பையை நிரப்பும் கருவிக்குப் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர். ஒருமுறை அதை முகர்ந்து பார்த்தவர், இந்தக் கருவி இல்லாமலும் பவளத்தொட்டி நடக்கும் என்று யாராவது சொன்னால் லேசில் நம்பமாட்டார்.

ஆனால் நடக்கிறது. 20 லிட்டர், 40 லிட்டர் தொட்டிகளில் ஸ்கிம்மர் இல்லாமலே ஆண்டுக்கணக்காகப் பவளம் வளர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பூ வைக்கும் ஜாடி அளவே உள்ள கண்ணாடிக் குடுவையில், ஒரே ஒரு காற்றுக் குழாயை மட்டும் விட்டு, வாரம் ஒருமுறை நீர் முழுவதையும் கொட்டி மாற்றியே பத்தாண்டைத் தாண்டியவர்களும் உண்டு. தொட்டி செய்யும் நிறுவனங்களிடம் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்காது. ரெட் சீ நிறுவனத்தின் 75 லிட்டர் 'மேக்ஸ் நானோ' ஸ்கிம்மரோடு வருகிறது. ஃப்ளூவல் நிறுவனத்தின் 52 லிட்டர் 'ஈவோ' ஸ்கிம்மர் இல்லாமல் வருகிறது. வேண்டுபவர் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். புதிதாகத் தொட்டி வைக்க நினைப்பவருக்கு இது சில ஆயிரம் ரூபாய்க் கேள்வி. பழகியவர்களுக்கோ அரை நூற்றாண்டாக ஓயாத வழக்கு.

பாகில் அழுக்கு எடுப்பது போல

சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விடுவது நம் வீடுகளில் வழக்கம். அழுக்கு நுரையோடு திரண்டு மேலே வரும். ஒதுக்கி எடுத்துவிட்டால் பாகு தெளிந்துவிடும். ஸ்கிம்மரின் வேலையும் ஏறத்தாழ இதுதான். அடுப்புக்குப் பதிலாக அங்கே காற்று.

மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பவளம் சுரக்கும் கோழை, செத்த பாசி எல்லாம் கரைந்து நீரில் கரிமப் பொருளாகக் கலக்கின்றன. அவற்றில் பல மூலக்கூறுகளுக்கு இரண்டு குணம் உண்டு: ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை வெறுக்கும். இப்படிப்பட்ட ஒன்று காற்றுக்குமிழியைக் கண்டால், நீரை வெறுக்கும் முனையைக் குமிழிக்குள் நீட்டி, மற்றதை வெளியே விட்டு ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மரின் உருளைக்குள் பம்ப் லட்சக்கணக்கான நுண்குமிழிகளை அடித்து விடுகிறது. அவை கழிவைச் சுமந்து மேலேறி, கழுத்தில் நுரையாகத் திரண்டு, கோப்பைக்குள் வழிகின்றன.

நன்னீர்த் தொட்டியில் இது எடுபடாது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று மோதினால் சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் அவ்வளவு எளிதாகச் சேர்வதில்லை. உப்பு ஏன் குமிழிகளைப் பிரித்து வைக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கிரெய்க், நின்ஹம், பாஷ்லி ஆகியோர் 1993இல் 'நேச்சர்' இதழில் ஆராய்ந்து எழுதினார்கள். அலை உடையும் இடத்தில் வெள்ளை நுரை கொஞ்ச நேரம் நிற்பதற்கும் இந்தக் குணம் ஒரு காரணம். 2019 டிசம்பரில் சென்னைப் பட்டினப்பாக்கம், மெரினா கரைகளில் இடுப்பளவு நுரை குவிந்து, குழந்தைகள் அதில் இறங்கி விளையாடிய படங்கள் நாடெங்கும் பரவின. மழை அடித்துவந்த சாக்கடையும் சோப்புக் கழிவும் அலையில் கடையப்பட்டு வந்த நுரை அது. கடல் தானாகவே போட்ட ஸ்கிம்மர் என்று அதைச் சொல்லலாம். கோப்பை மட்டும்தான் இல்லை.

கருவி எதை எடுக்கிறது என்பதைவிட எதை எடுப்பதில்லை என்பது முக்கியம். கழிவு அழுகினால் அம்மோனியா; பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட்டும் கரைந்த பாஸ்பேட்டும் குமிழியில் ஒட்டுவதில்லை. கழிவு அழுகுவதற்கு முன்னால் ஸ்கிம்மர் அதைப் பிடித்தால்தான் உண்டு. விட்டது விட்டதுதான்.

ஜகார்த்தாவும் பெர்லினும்

வழக்கின் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. 1961இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்ற அமெரிக்க இதழில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, நல்ல கடல்நீர், வெளிச்சம், மெல்ல விடும் காற்றுக் குமிழி. வடிகட்டி கிடையாது. பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவும் புழுவும் கடற்பஞ்சும் கழிவைத் தின்று தீர்த்துவிடும் என்பது அவர் கண்டது. இன்று 'லைவ் ராக்' என்று உலகம் முழுக்க விற்கும் பொருளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த வசதி ஐரோப்பாவுக்கு இல்லை. பவளம் வளரும் கடல் தொலைவில், உப்பைக் கரைத்துத்தான் கடல்நீர் செய்ய வேண்டும். நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவிகள் 1960களில் ஜெர்மனியில் தொட்டிகளுக்கு வந்தன. பீட்டர் வில்கென்ஸ் 1973இல் முதுகெலும்பில்லாக் கடலுயிர்களை வளர்ப்பது பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் வழியைப் பின்பற்றிய பெர்லின் நகர ஆர்வலர்கள் உயிர்ப்பாறை, பிரகாசமான விளக்கு, சுண்ணாம்புத் தெளிநீர், வலுவான ஸ்கிம்மர் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு முறையாக்கினார்கள். வளர்க்கவே முடியாது என்று கருதப்பட்ட அக்ரோபோரா பவளத்தை அவர்களில் ஒருவரான டீட்ரிச் ஸ்டூபர் தொட்டியில் வளர்த்து, கிளை ஒடித்துப் பிறருக்குக் கொடுத்தார். 1994இல் டெல்பீக், ஸ்ப்ரங் இருவரும் எழுதிய 'தி ரீஃப் அக்வேரியம்' முதல் தொகுதி வெளிவந்தபோது, 'பெர்லின் முறை' அமெரிக்காவிலும் வேர்பிடித்திருந்தது.

ஸ்கிம்மர் வேண்டாத பாதையும் அடைபட்டுவிடவில்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, கழிவுநீரைப் பாசி படர்ந்த தட்டுகளின்மேல் ஓடவிட்டு, அந்தப் பாசியைச் சுரண்டி எறிவதன் மூலம் நீரைச் சுத்தமாக்கினார். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987இல் திறக்கப்பட்ட பிரமாண்டப் பவளத்தொட்டி இந்தப் பாசித் தட்டுகளோடுதான் தொடங்கியது. மொனாக்கோவில் ழான் ஜோபேர் மணல் படுகைக்கு அடியில் நீர்வெளி ஒன்றை விட்டு, ஆக்சிஜன் குறைந்த அந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றினார்.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகும். பெர்லின் முறை உருவான தொட்டிகள் பல நூறு லிட்டர் பிடிப்பவை. 'சின்னத் தொட்டியில் கடல்நீர் வைக்காதே' என்பதுதான் அன்றைய பாலபாடம். 2000களின் தொடக்கத்தில் 'நானோ' என்ற பெயரில் 100 லிட்டருக்குள் அடங்கும் தொட்டிகள் பெருகியபோது, பெரிய தொட்டியின் விதிகளும் கூடவே வந்து சேர்ந்தன. விதி பிறந்ததற்கான காரணம் சின்னத் தொட்டிக்கும் பொருந்துமா என்று பலர் கேட்டுப் பார்க்கவில்லை.

கோப்பையைச் சோதனைக்கூடத்தில் கவிழ்த்தபோது

ஸ்கிம்மர் எவ்வளவு கழிவை எடுக்கிறது என்பதை நெடுங்காலம் கோப்பையின் நிறத்தையும் நாற்றத்தையும் வைத்தே எல்லோரும் மதிப்பிட்டு வந்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் அதை அளந்து பார்த்தார். 2009 தொடங்கி 'அட்வான்ஸ்ட் அக்வாரிஸ்ட்' இதழில் அவரும் அவருடைய மாணவர்களும் எழுதிய கட்டுரைகள் இந்த வழக்கில் முதன்மைச் சான்றுகள்.

நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஸ்கிம்மர் எடுத்தது சுமார் 20 முதல் 35 சதவீதம். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் மீதி நீரிலேயே நின்றது. அது குமிழியில் ஒட்டும் வகை அல்ல. விலையும் வடிவமும் வேறுபட்ட கருவிகளுக்கிடையே பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. இதே சோதனையில் செயலூட்டப்பட்ட கரித்துகள், அதாவது கடைகளில் 'கார்பன்' என்று பொட்டலத்தில் கிடைப்பது, 60 முதல் 85 சதவீதம் வரை எடுத்தது.

2010இல் கோப்பைத் திரவத்தையே காயவைத்துப் பகுத்துப் பார்த்தார்கள். கெட்டிப்பட்ட அந்த அழுக்கில் கரிமப் பொருள் சிறுபங்குதான். அதிலும் பெரும்பகுதி கரைந்திருந்தது அல்ல, துகளாக மிதந்தது. கடல்நீரின் வழக்கமான உப்புகளைக் கழித்துப் பார்த்தால், மிச்சத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், மெக்னீசியம் கார்பனேட், சிலிக்கா. சுண்ணாம்புத் தூளும் நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகளும் என்று எளிதாகச் சொல்லலாம். டிகாக்‌ஷன் நிறத்தைக் கண்டு மிரண்டவர்களுக்கு இது ஏமாற்றமான முடிவு.

மூன்றாவது கண்டுபிடிப்பு இன்னும் சுவாரசியமானது. 2011இல் நீரில் மிதக்கும் பாக்டீரியாவை எண்ணினார்கள். ஸ்கிம்மர் ஓடும் தொட்டிகளில் இயற்கையான பவளத்திட்டு நீரில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஸ்கிம்மர் இல்லாத தொட்டிகள் இயற்கைக்கு நெருக்கமாக இருந்தன. பாக்டீரியா என்றால் நமக்கு அழுக்கு. பவளத்துக்கும் கடற்பஞ்சுக்கும் அது சாப்பாடு.

'நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேங்கினால் பவளம் சாகும்' என்ற அச்சத்துக்கு எதிரான சாட்சி ஹவாயில் இருக்கிறது. ஹொனலுலுவின் வைகிகி மீன்காட்சியகம் கடற்கரைக் கிணற்றிலிருந்து வரும் உப்புநீரில் பவளம் வளர்க்கிறது. அந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெரும்பாலான பவளத்திட்டுகளில் உள்ளதைவிட அதிகம், பிஎச் குறைவு. மார்லின் அட்கின்சன், புரூஸ் கார்ல்சன், ஜெரால்ட் குரோ ஆகியோர் 1995இல் எழுதிய கட்டுரைப்படி, 57 வகைக் கல்பவளங்கள் அதில் உயிரோடு இருந்ததோடு நன்றாக வளர்ந்தும் வந்தன. கணக்குப் போட்டால் அங்கே நைட்ரேட் லிட்டருக்குச் சுமார் 0.3 மில்லிகிராம். வீட்டுத் தொட்டிக்காரர்களில் பலர் 5 மில்லிகிராமையே நல்ல அளவு என்பார்கள். நீர் தொடர்ந்து மாறிக்கொண்டே இருப்பது வைகிகிக்கு இருக்கும் அனுகூலம். அந்த அனுகூலம்தான் சின்னத் தொட்டிக்கும் கைவசம் இருக்கிறது.

40 லிட்டரின் கணக்கு

ஒரு பேச்சுக்கு 40 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கிம்மர் இல்லை. வாரத்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரேட் கூடுகிறது. ஞாயிறுதோறும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 லிட்டர் மாற்றினால், நைட்ரேட் மெல்ல ஏறி 10 மில்லிகிராமில் போய் நிற்கும். அதற்கு மேல் ஏறாது. ஏனென்றால் அந்த நிலையில் வாரம் முழுக்கச் சேர்ந்ததும் ஞாயிறன்று வெளியே போவதும் ஒன்றாகிவிடும்.

இப்போது ஸ்கிம்மரை மாட்டுவோம். நைட்ரேட்டாக மாற இருந்ததில் கால் பங்கை அது முன்கூட்டியே பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், உச்சம் 7.5க்கு இறங்கும். ஸ்கிம்மர் இல்லாமல் அதே 7.5ஐ எட்ட வாரத்துக்கு 4 லிட்டருக்குப் பதில் 5.3 லிட்டர் மாற்றினால் போதும். வித்தியாசம் 1.3 லிட்டர், ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். கருவி கால் பங்கல்ல, பாதியையே பிடிக்கிறது என்று தாராளமாகக் கொடுத்தாலும் 4 லிட்டர் கூடுதலாக மாற்றினால் கணக்கு சமம். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் அது 140 கிராம்.

இதையே 400 லிட்டர் தொட்டிக்குப் பெருக்கிப் பாருங்கள். பாதி பிடிக்கும் ஸ்கிம்மர் வாரத்துக்கு 40 லிட்டர் நீரையும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பையும் மிச்சப்படுத்துகிறது. 40 லிட்டரைச் சுத்திகரித்து, உப்புக் கரைத்து, சூடு சரிபார்த்து, சுமந்து ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். பெர்லின்காரர்கள் ஏன் நுரையை நம்பினார்கள் என்பது அங்கே புரியும். சின்னத் தொட்டியில் ஒரு வாளி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. செய்வதோடு, ஸ்கிம்மருக்கு எட்டாத நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. பவளம் உறிஞ்சிய கால்சியத்தையும் கார்பனேட் காரத்தையும் புது உப்பு வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறது.

கணக்கு ஒழுங்காக வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாளி ஒவ்வொரு வாரமும் வர வேண்டும்.

குட்டிக் கருவியின் தொல்லைகள்

ஸ்கிம்மரின் திறமை குமிழி நீரோடு எவ்வளவு நேரம் உரசுகிறது என்பதில் இருக்கிறது. உயரமான உருளை, நிறைய நுண்குமிழி, நிதானமான நீரோட்டம் வேண்டும். தொட்டியின் பின்னறைக்குள் நுழையும் அளவுக்குக் கருவியைச் சுருக்கினால் உருளை ஒரு சாண்கூட இருக்காது; குமிழி ஒட்டிக்கொள்ளும் முன்பே மேலே போய்விடும். மறுபக்கம், பெரிய கருவியைச் சின்னத் தொட்டிக்கு மாட்டினாலும் சரிப்படாது. இரண்டு மீன் போடும் கழிவில் நிலையான நுரை கட்டுவதற்கு வேண்டிய சரக்கே இருக்காது. நுரை கழுத்துவரை வந்து வந்து அமுங்கும்.

நீர்மட்டம் அடுத்த தொல்லை. நுரை எந்த உயரத்தில் திரள்கிறது என்பது கருவி எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சின்னத் தொட்டியின் பின்னறையில் அரை லிட்டர் ஆவியானாலே மட்டம் விரற்கடை இறங்கிவிடும். காலையில் ஒழுங்காக ஓடிய ஸ்கிம்மர் மாலையில் ஒன்றும் எடுக்காது. ஆவியான அளவுக்கு நன்னீரை ஊற்றியதும் கோப்பை நிரம்பி வழியும். எண்ணெய்ப் பசையுள்ள தீனியைப் போட்டால் நுரை சட்டென்று உடைந்துபோகும். பவளத்தை ஒட்டவைக்கும் பசையோ சில மருந்துகளோ நீரில் பட்டால் வெறிபிடித்தது போல் பொங்கும். இவற்றோடு பம்பின் இரைச்சல், கண்ணாடி முழுக்கப் பரவும் குமிழித் தூசி. படுக்கையறை மேசையில் வைக்க ஆசைப்பட்டு நானோ தொட்டி வாங்கியவருக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

அதிகச் சுத்தமும் ஒரு ஆபத்து. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளவுகருவியில் பூஜ்யம் காட்டும் தொட்டிகளில் பவளம் நிறம் வெளுப்பதையும், மணல்மேல் குமிழி தொங்கும் பழுப்புக் கோழையாக டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் படர்வதையும் வளர்ப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழு 2013இல் காட்டியது வெளுப்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது: நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் பட்டினி கிடக்கும் பவளம், வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வெளுத்துப்போக எளிதில் ஆளாகிறது. மென்பவளமும் காளான் பவளமும் இரண்டு மீனும் மட்டும் உள்ள 40 லிட்டர் தொட்டியில், இருக்கும் கொஞ்ச சத்தையும் நுரையில் இறைத்துவிட்டு, பிறகு கடையில் பாஸ்பேட் புட்டி வாங்கி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காற்று என்ற மறுபக்கம்

இதுவரை சொன்னதை வைத்து ஸ்கிம்மரைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று முடிவுகட்டினால் தப்பு. அதன் பெயரில் இல்லாத ஒரு வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது: நீருக்கு மூச்சுக் கொடுக்கிறது.

26 டிகிரி சூட்டில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 6.6 அளவோடு நின்றுவிடும். 30 டிகிரியில் அதுவும் 6.2 ஆகும். இரவில் விளக்கணைந்த பிறகு பவளம், பாசி, பாக்டீரியா, மீன் எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனை எடுத்து கார்பன் டை ஆக்சைடை விடும். விடியும் முன்தான் ஆக்சிஜனும் பிஎச்சும் மிகவும் இறங்கியிருக்கும். நுண்குமிழிகள் நிறைந்த ஸ்கிம்மர் இந்த இறக்கத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. ஒரு நத்தை பாறை இடுக்கில் செத்து அழுகினால் 400 லிட்டர் தொட்டி தாங்கும். 30 லிட்டர் தொட்டி ஒரே இரவில் கலங்கிவிடும். அந்த இரவில் குமிழிதான் காப்பு.

மூச்சு மட்டும்தான் வேண்டும் என்றால் நீரின் மேற்பரப்பைக் கலக்கும்படி பவர்ஹெட் என்ற நீரோட்டப் பம்பின் வாயைத் திருப்பிவைத்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆனால் அறைக் காற்றே கெட்டிருந்தால் அது உதவாது. மே மாதச் சென்னையில் தொட்டியை 26 டிகிரியில் நிறுத்த ஜன்னலைச் சாத்தி ஏசி போடுகிறவர் வீட்டில், நாலு பேர் விட்ட மூச்சு அறையிலேயே தங்கி, நீரின் பிஎச் 7.8க்குக் கீழே போவது உண்டு. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் சந்து வழியாக வெளியே நீட்டி வைத்தால் பிஎச் ஏறும். பல வீடுகளில் ஸ்கிம்மருக்கு இதுவே முதல் நியாயம். கோப்பையில் சேர்வது கொசுறு.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2001 முதல் கல்பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தாலும் குற்றம். லீ சின் எங் நம்பிய உயிர்ப்பாறை நமக்குக் கடலிலிருந்து வரக் கூடாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்ததால், மீனையாவது பண்ணையிலிருந்து பெற வழியிருக்கிறது. பாறைக்குப் பதில் காய்ந்த கல்லோ சுட்ட மண்ணோ வைப்பவர், அதன் துளைகளில் பாக்டீரியா முழுமையாகக் குடியேறும்வரை மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அந்த ஆரம்ப மாதங்களில் கழிவைக் கூடுதலாக வெளியேற்றுவது அவசியம். நுரையாலோ, வாளியாலோ.

மின்தடை வேறு கதை. தொட்டிக்குக் கீழே சம்ப் என்ற துணைத் தொட்டி வைத்திருப்பவர் வீட்டில் மின்சாரம் போனால் மேல் நீர் கீழே இறங்கி சம்ப் மட்டம் ஏறிவிடும். மின்சாரம் திரும்பியதும் மூழ்கி நிற்கும் ஸ்கிம்மர் கோப்பையை நிரப்பித் தரைக்கு ஊற்றும். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் இதை அனுபவித்தவர்கள், ஸ்கிம்மரைச் சில நிமிடம் தாமதித்துத் தொடங்கவைக்கும் டைமரை மாட்டிவைக்கிறார்கள்.

யாருக்கு வேண்டும்

சான்றுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் லிட்டர் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது தெரிகிறது. எவ்வளவு தீனி உள்ளே போகிறது, எவ்வளவு நீர் வெளியே போகிறது என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை.

60 லிட்டருக்குள் ஒரு ஜோடிக் கோமாளி மீன், மென்பவளங்கள், வாரம் 10 முதல் 20 சதவீதம் தவறாத நீர்மாற்றம், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றும் வடிகட்டிப் பஞ்சு, சின்னப் பை கார்பன். இந்தத் தொட்டிக்கு ஸ்கிம்மர் இல்லாவிட்டால் ஒரு குறையும் வராது. பஞ்சை மாற்றுவதைத்தான் மறக்கக் கூடாது. அழுக்கு பஞ்சிலேயே அழுகினால் பிடித்ததெல்லாம் திரும்ப நீருக்குத்தான் போகும்.

60 முதல் 120 லிட்டர் வரை இரண்டு பக்கமும் சாயலாம். அங்கே முடிவு வீட்டுக்காரரின் வாராந்தரப் பழக்கத்தைப் பொறுத்தது. மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லாதவருக்கு ஸ்கிம்மர் நல்ல துணை; நீர்மாற்றம் தவறும் வாரத்தில் அது ஓரளவாவது ஈடுகட்டும்.

எந்த அளவுத் தொட்டியானாலும் ஸ்கிம்மரைத் தவிர்க்கக் கூடாத இடங்கள் உண்டு. வெளிச்சத்தில் உணவு செய்துகொள்ளத் தெரியாத ட்யூபாஸ்ட்ரியா போன்ற சூரியப் பவளங்களுக்கு ஒவ்வொரு வாய்க்கும் இறால் துணுக்கு ஊட்ட வேண்டும். தின்றதைவிடச் சிந்துவது அதிகம். நைட்ரேட்டைக் குறைக்க வோட்கா அல்லது வினிகர் சொட்டுவிடுகிறவர்களுக்கும் அது வேண்டும்: அந்தச் சர்க்கரை போன்ற உணவில் பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுக்கும், பெருகிய பாக்டீரியாவை வெளியே எடுத்தால்தான் அது தின்ற நைட்ரேட்டும் வெளியே போகும். மீன் எண்ணிக்கை ஆசையால் ஏறிவிட்ட தொட்டியும் இந்தப் பட்டியலில் சேரும். மீனைக் குறைப்பது இன்னும் நல்லது. ஆனால் குடும்பத்தில் யாரும் அதற்குச் சம்மதிப்பதில்லை.

ஏற்கெனவே ஸ்கிம்மர் வைத்திருந்து, வேண்டுமா என்று குழம்புகிறவர் தன் தொட்டியிலேயே தெரிந்துகொள்ளலாம். நான்கு வாரம் அதை அணைத்துவைத்து, தீனியும் நீர்மாற்றமும் மாறாமல் பார்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை நைட்ரேட், பாஸ்பேட், விளக்குப் போடும் முன் காலை பிஎச் மூன்றையும் குறித்துவர வேண்டும். எண்கள் நகரவில்லை என்றால் கருவி வீணாக ஓடியிருக்கிறது. பிஎச் மட்டும் இறங்கினால் வேண்டியது காற்று. நைட்ரேட் ஏறினால், ஸ்கிம்மரையே திரும்ப மாட்டுவதா, வாளியில் ஒரு லிட்டர் கூட்டுவதா என்று அவரே முடிவுசெய்துகொள்ளலாம்.

நானோ தொட்டிகளின் பின்பக்கத்தில் ஸ்கிம்மருக்கென்று விட்ட குறுகலான அறை ஒன்று பெரும்பாலும் இருக்கும். இப்போது பல வீடுகளில் அங்கே கருவி இல்லை. பச்சை நூல்கண்டு போல ஒரு உருண்டை கீட்டோ பாசியைப் போட்டு, கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன எல்இடி விளக்கை ஒட்டி, இரவு முழுக்க எரியவிடுகிறார்கள். மேலே பவளம் தூங்கும் நேரத்தில் பாசி விழித்திருந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்கிறது, விடியும்வரை ஆக்சிஜனும் விடுகிறது. மாதம் ஒருமுறை கைப்பிடி பாசியைப் பறித்து எறிந்தால், அது தின்றதும் கூடவே தொட்டியைவிட்டுப் போய்விடுகிறது.